காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது: அர்த்தமுள்ள தற்செயல் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன வருஷம் ஆடி அமாவாசை அன்று, சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்தோம். வாழை இலைத் துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஓரத்தில் ஓர் உளுந்து வடை. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு அம்மா நாலு அடி பின்னால் நகர்வதற்குள் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சோற்றைத் தொடவே இல்லை. தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது, வடையின் ஓட்டைக்குள் அலகை விட்டுத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். இலையில் என்ன பரிமாறினாலும் கை முதலில் வடைக்குத்தான் போகும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா வந்துட்டார்டா" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சித்தி பையனிடம் இதைச் சொன்னபோது, "இதுக்குப் பேரு சின்க்ரோனிசிட்டி அண்ணா. பிரபஞ்சம் நமக்கு சிக்னல் கொடுக்குது. குவாண்டம் பிசிக்ஸே இதைத்தான் சொல்லுது" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஒரே மூச்சில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று விஷயங்கள் கலந்துவிட்டன. சின்க்ரோனிசிட்டி, அதாவது அர்த்தமுள்ள தற்செயல் என்ற இந்தச் சொல்லை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், கடிகாரத்தில் 11:11 பார்த்தால்கூட. அதனால் அவனுக்கு அன்று சொன்னதை, இதைப் பற்றி எதுவுமே படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

தற்செயலுக்கு இரண்டு பாதி

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் சொல்வோம். பழம் பழுத்திருந்தது, காம்பு தளர்ந்திருந்தது, விழ வேண்டிய நேரம் வந்தது, விழுந்தது. காக்கை அதன் பாட்டுக்கு வந்து உட்கார்ந்தது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்து வந்தன. இதற்குப் பெயர்தான் தற்செயல். வேறொன்றும் இல்லை.

இந்தப் பழமொழியில் ஒரு ஆள் குறைகிறார், மரத்தடியில் நிற்பவர். அவர் அந்த நேரத்தில் பனை ஏறியே உயிரை விட்ட தன் தாத்தாவை நினைத்துக்கொண்டு நின்றிருந்தால், காலடியில் தொப்பென்று விழுந்த பழம் அவருக்கு வெறும் பழமாகவா இருக்கும்? இங்கேதான் அர்த்தமுள்ள தற்செயல் பிறக்கிறது. அதில் ஒரு பாதி வெளியே நடப்பது, இன்னொரு பாதி உள்ளே நடப்பது. பேச்செடுத்த நேரத்தில் ஆள் வந்து நின்றால் "உனக்கு நூறு ஆயுசு" என்கிறோம், சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்கிறோம், நல்ல விஷயம் பேசும்போது பல்லி சத்தம் போட்டால் அதுவே சொல்லிவிட்டது என்கிறோம். எல்லாவற்றிலும் இந்த இரண்டு பாதியும் இருக்கும்.

ஆக, எந்தத் தற்செயலைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: வெளியே நடந்தது எவ்வளவு அபூர்வம்? உள்ளே அது ஏன் அப்படித் தைத்தது? குழப்பம் எல்லாம் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் பதிலை முதலாவதற்கும் சொல்வதில்தான் வருகிறது.

முதலில் வெளிப் பாதி: எண்ணிப் பார்ப்போம்

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் 50 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் எந்த இரண்டு பேருக்காவது ஒரே தேதியில் பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு? வருஷத்துக்கு 365 நாள், ஆள் 50 தான், நூற்றுக்குப் பத்து பதினைந்து இருக்கும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். உண்மையில் நூற்றுக்கு 97. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. காரணம், நாம் ஆட்களை எண்ணுகிறோம், எண்ண வேண்டியது ஜோடிகளை. 50 பேரில் 1225 ஜோடிகள் இருக்கின்றன.

அதே பஸ்ஸில் "என் பிறந்தநாளில் பிறந்த இன்னொருவர்" இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் நூற்றுக்கு 13 கூடத் தேறாது. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 'குறிப்பிட்ட ஒன்று நடக்குமா' என்பது அபூர்வம். 'ஏதாவது ஒன்று நடக்குமா' என்பது கிட்டத்தட்ட நிச்சயம். நாம் என்ன செய்கிறோம் என்றால், ஏதாவது ஒன்று நடந்த பிறகு அதைக் குறிப்பிட்ட ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். காக்கை வடையை எடுக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லவில்லையே. அது பருப்பைக் கொத்தியிருந்தால் அப்பா பருப்பு சாதத்துக்கு நெய் கேட்பது ஞாபகம் வந்திருக்கும். இரண்டு காக்கை வந்திருந்தால் அப்பாவும் தாத்தாவும்.

இன்னொரு கணக்கு. பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இன்றைக்கு நடக்கும் என்கிற அளவுக்கு அபூர்வமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அப்படியானால் நம் மாவட்டத்தில் மட்டும் தினமும் சராசரியாக மூன்று பேருக்கு அது நடக்க வேண்டும், வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல். நடந்த மூன்று பேர் ஊரெல்லாம் சொல்வார்கள். நடக்காத மற்ற எல்லோரும் எதைச் சொல்வார்கள்?

வந்தது நினைவிருக்கும், வராதது நினைவிருக்காது

"உன்னைத்தான் நினைச்சேன், நீயே போன் பண்ற" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம். இதில் நான்கு வகை இருக்கிறது. நினைத்தோம், போன் வந்தது. நினைத்தோம், வரவில்லை. நினைக்கவில்லை, வந்தது. நினைக்கவில்லை, வரவும் இல்லை. முதல் வகை மட்டும் மனதில் ஆணி அடித்தது போல் நிற்கும். மற்ற மூன்றும் நடந்ததாகவே மனம் பதிவு செய்வதில்லை. தன் எண்ணத்துக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை உளவியலில் உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள்.

நான் இதை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன், மூன்று மாதம். யாரையாவது பலமாக நினைத்தால் பெயரும் நேரமும், ஒரு மணி நேரத்துக்குள் அவர்களிடம் இருந்து போன் வந்தால் ஒரு டிக். 64 பெயர், மூன்று டிக். அந்த மூன்றில் இரண்டு என் அக்கா, தினமும் சமையல் முடிந்ததும் ஏறக்குறைய அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறவள். மீதி ஒன்று பழைய ஆபீஸ் நண்பர், பல வருஷமாகப் பேசாதவர். இதில் மறக்காமல் நிற்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்காவின் போனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சில தற்செயல்கள் தற்செயலே அல்ல, இரண்டுக்கும் பின்னால் ஒரே காரணம் ஒளிந்திருக்கும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வருகிறது, சேலத்தின் குகை பகுதியில் கடவுள் வேஷம் போட்டவர்கள் வரும் வண்டி வேடிக்கை நடக்கிறது. சேலத்தில் இருக்கும் நான் பெங்களூரில் இருக்கும் பள்ளிக்கூட நண்பனை நினைக்கிறேன், கடவுள் வேஷம் பார்க்க அவன் தோளில் ஏறி நின்றதை நினைக்கிறேன். அதே வாரம் அவனும் என்னை நினைக்கிறான். இரண்டு மனதுக்கும் நடுவில் கம்பி எதுவும் ஓடவில்லை. பண்டிகைதான் இரண்டு பேரையும் தொட்டது.

இதற்கு நான் படித்ததிலேயே மனதை உலுக்கிய உதாரணம் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் சொன்னது. அவருடைய இளம் மனைவி ஆர்லைன் காசநோயில் 1945 ஜூன் மாதம் இறந்தார். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஃபெயின்மன் வாங்கிக் கொடுத்த சின்னக் கடிகாரம். இறந்த நேரம் 9:21. கடிகாரமும் 9:21-இல் நின்றிருந்தது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் என்ன நினைப்போம்? ஃபெயின்மன் யோசித்தார். அந்தக் கடிகாரம் ஏற்கெனவே பல முறை நின்றுபோய் அவரே திறந்து சரிசெய்த, அசைந்தால் நின்றுவிடக்கூடிய கடிகாரம். அறையில் வெளிச்சம் குறைவு. இறந்த நேரத்தைக் குறிக்க நர்ஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். மரணம்தான் கடிகாரத்தை நிறுத்தியது, ஆனால் நர்ஸின் கை வழியாக. அவர் மனைவியை நேசித்தது இதனால் ஒரு துளிகூடக் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவளுக்குக் கடிதம் எழுதியவர் அவர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வாய்ப்புகள் நாம் நினைப்பதை விட அதிகம், நினைவு ஒரு பக்கமாகவே எண்ணுகிறது, சில சமயம் பொதுவான ஒரு காரணம் மறைந்திருக்கிறது. வெளிப் பாதிக்கு இந்த மூன்றே பெரும்பாலும் போதும்.

யுங் சொன்னது என்ன?

சரி, சின்க்ரோனிசிட்டிக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்டாவ் யுங். அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண், எதையும் அறிவால் மட்டுமே அலசுகிறவர், சிகிச்சை நகரவே இல்லை. ஒருநாள் அவர், யாரோ தனக்குப் பொன்னாலான வண்டு நகை ஒன்றைக் கொடுப்பதாகக் கண்ட கனவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது யுங்கின் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம். கதவைத் திறந்து, உள்ளே பறந்து வந்த பூச்சியைக் கையில் பிடித்துப் பார்த்தால் பச்சையும் பொன்னுமாக மின்னும் வண்டு. நாம் சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வைத்திருந்தோமே பொன்வண்டு, அது வேறு இனம், ஆனால் மினுமினுப்பு அந்த மாதிரிதான். "இதோ உங்கள் வண்டு" என்று யுங் நீட்டினார். அந்தப் பெண் மனதில் இறுகிக் கிடந்தது அன்று உடைந்தது, சிகிச்சை முன்னேறியது என்று எழுதியிருக்கிறார்.

காரண காரியத் தொடர்பு இல்லாமல், அர்த்தத்தால் மட்டும் இணைந்து, ஒன்று மனதிலும் மற்றொன்று வெளியிலும் நடக்கும் இரு நிகழ்ச்சிகள். அவர் சின்க்ரோனிசிட்டி என்றது இதைத்தான். கனவு வண்டை வரவழைக்கவில்லை, வண்டு கனவை உண்டாக்கவில்லை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அதனால்தான் "பிரபஞ்சம் சிக்னல் அனுப்புகிறது" என்பது யுங்கின் கருத்தே அல்ல என்கிறேன். அனுப்புகிறது என்று சொன்னாலே அனுப்புகிறவர், வாங்குகிறவர், நடுவில் தபால் எல்லாம் வந்துவிடும். அதுவே காரண காரியம்தானே. விரும்பியதை நினைத்துக்கொண்டே இருந்தால் அது வந்து சேரும் என்பதும் அவர் சொன்னதில்லை.

இதை அவர் கணக்கால் பரிசோதிக்கவும் முயன்றார், அதுவும் நமக்கு நன்றாகப் பழகிய ஜாதகத்தை வைத்து. 483 தம்பதிகளின் ஜாதகங்களைச் சேர்த்து, கணவன் மனைவி சூரிய சந்திர நிலைகளில் ஏதாவது சிறப்பு தெரிகிறதா என்று பார்த்தார். முதல் தொகுதியில் கண்ணைப் பறிக்கும் மாதிரி ஒன்று தெரிந்தது. தம்பதிகளின் எண்ணிக்கை கூடக் கூட அது கரைந்து சாதாரண வாய்ப்பின் அளவுக்கே வந்துவிட்டது. என் அபிப்பிராயம் இது: அந்த அனுபவம் மனிதருக்கு எப்படி இருக்கும் என்பதை யுங் அளவுக்குக் கவனமாக விவரித்தவர்கள் குறைவு. ஆனால் அதை இயற்கையின் ஒரு விதியாக அவரால் நிறுவ முடியவில்லை.

ஒரே மலை, இரண்டு பார்வை

யுங் தன் கட்டுரையை 1952-இல் ஓர் இயற்பியலாளரோடு சேர்ந்து ஒரே நூலில் வெளியிட்டார். அவர் உல்ஃப்காங் பவுலி, 1945-இல் நோபல் பரிசு பெற்றவர். மனம் உடைந்திருந்த காலத்தில் யுங்கைத் தேடிப் போனவர், 1932 முதல் 1958 வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பவுலி உள்ளே நுழைந்தால் ஆய்வகக் கருவி உடைகிறது என்று சக இயற்பியலாளர்களே பேசிக்கொள்வார்கள். கடைசியில் அவரைச் சேர்த்த ஜூரிச் ஆஸ்பத்திரி அறையின் எண் 137. ஒளியும் மின்னூட்டமும் எவ்வளவு வலுவாக உறவாடுகின்றன என்பதைச் சொல்லும் எண் ஏறக்குறைய 137-இல் ஒரு பங்கு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் அவர். பார்க்க வந்த உதவியாளரிடம் அறை எண்ணைச் சுட்டிக்காட்டினார். 1958 டிசம்பரில் அந்த ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். ஆஸ்பத்திரி அறைக்கு ஏதோ ஓர் எண் இருந்தே ஆக வேண்டும், எனக்கு அந்த அறை கிடைத்திருந்தால் நான் கவனித்திருக்கக்கூட மாட்டேன். பவுலிக்கு அது 137.

மனத்தையும் பொருளையும் பற்றி இவர்கள் இருவரும் யோசித்தது ஆழமான விஷயம். அதைச் சொல்ல எனக்கு நம் மலையை விட நல்ல உவமை கிடைக்கவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலை ஒரு நீலச் சுவர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி மேலே போனால் சுவர் எங்கேயும் இல்லை. காபிச் செடி, மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக், ஈர மண். நீலச் சுவர் காபிச் செடியை உண்டாக்கவில்லை, காபிச் செடியும் நீலச் சுவரை உண்டாக்கவில்லை, இருந்தாலும் இரண்டும் ஒரே மலைதான். இப்போது மூடுபனி இறங்குகிறது. கீழே இருப்பவருக்கு மலையின் உச்சி காணாமல் போகிறது. அதே நிமிஷம் மேலே இருப்பவருக்குப் பத்தடி தள்ளி நிற்கும் மரம் காணாமல் போகிறது. இவர் பார்வையில் நடந்தது அவர் பார்வையில் நடந்ததற்குக் காரணமா? இல்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

மனமும் பொருளும் இப்படி ஒரே அடிப்படையின் இரண்டு தோற்றங்களாக இருக்கலாம் என்பதே யுங், பவுலி இருவரின் யோசனை. சின்க்ரோனிசிட்டி அந்த மூடுபனி மாதிரி. எனக்கு இது அழகாகப் படுகிறது, நெருக்கமாகவும் படுகிறது. ஆனால் இது ஒரு தத்துவ நிலைப்பாடு. மூடுபனியை இரண்டு பேரும் போனில் பேசி, நேரம் குறித்துச் சரிபார்த்துவிடலாம். அந்த அடிப்படையை அப்படிச் சரிபார்க்க வழி எதையும் அவர்கள் தரவில்லை.

நம் கைக்கு எட்டுகிற அளவில் மனம் பொருளை அசைப்பது தினமும் நடக்கிறது. மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவியதை இப்போது நினைத்தீர்கள் என்றால் வாயில் எச்சில் ஊறும். மூளையில் இருந்து நரம்பு வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் பாதை அது, முழுக்கத் தெரிந்த பாதை. தோலுக்கு வெளியே? அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2007 வரை ஓர் ஆய்வகம் இதையே வேலையாக வைத்திருந்தது, எதேச்சையாக எண்களைத் தரும் கருவியை மனதால் ஒரு பக்கம் சாய்க்க முடியுமா என்று. மிக மிகச் சின்ன மாற்றம் கிடைத்ததாகச் சொன்னார்கள். பிறகு அவர்களும் ஜெர்மனியின் இரண்டு ஆய்வகங்களும் சேர்ந்து திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

குவாண்டம் பற்றிச் சுருக்கமாக

"பார்ப்பவர் பார்த்தால் அணு மாறுகிறது, ஆகவே மனம் பொருளை மாற்றுகிறது" என்று சொல்வார்கள். இயற்பியலில் 'பார்ப்பது' என்றால் அளப்பது, ஒரு கருவி துகளோடு உரசுவது. அறையில் ஆளே இல்லாமல் கருவி மட்டும் இருந்தாலும் முடிவு அதேதான். தூரத்தில் இருக்கும் இரண்டு துகள்கள் பின்னிப் பிணைந்திருப்பது, அதாவது இரண்டையும் அளந்தால் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது, உண்மை, 2022 நோபல் பரிசு அந்தச் சோதனைகளுக்குத்தான். ஆனால் அந்தப் பிணைப்பை வைத்து ஒரு வார்த்தைகூடச் சேதி அனுப்ப முடியாது என்பதும் அதே இயற்பியல் சொல்வது. காக்கைக்கும் அப்பாவுக்கும் நடுவில் குவாண்டத்தைக் கொண்டுவர இடமில்லை.

அப்படியானால் உள் பாதி?

எங்கள் பக்கம் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலம், சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். எங்கள் வீட்டு வழக்கத்தில் வெள்ளை வந்தால் சரி. தங்கச்சிக்கு ஒரு வரன் வந்தபோது கேட்டோம். சிவப்பு வந்தது. அந்தப் பொட்டலம் பிரிந்த நொடியில் தங்கச்சி கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்கும்தான். அம்மா பேசாமல் வீட்டுக்கு வந்து பையன் வீட்டாருக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். மூன்று முறை கேட்டிருந்தால் ஒரு முறையாவது வெள்ளை வர எட்டில் ஏழு வாய்ப்பு, அந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. பூ பையனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. தங்கச்சியைப் பற்றிச் சொன்னது.

உள் பாதிக்கு இருக்கும் உண்மை இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். அர்த்தம் பொய் இல்லை, அது நம்மைப் பற்றிய சேதி. அதைப் பூவைப் பற்றிய, பல்லியைப் பற்றிய, வியாதியைப் பற்றிய சேதியாக எடுக்கும்போதுதான் ஆபத்து. எங்கள் தெருவில் ஒரு அக்கா மார்பில் கட்டி தெரிந்தும் வெள்ளைப் பூ வந்தது என்று நான்கு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார். அந்த நான்கு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. கட்டியைப் பற்றிக் கேட்க வேண்டியது டாக்டரை, அதுவும் அன்றைக்கே.

அம்மாவிடம் இதையெல்லாம் பல நாள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். நம் தெருக் காக்கைகளுக்கு மதியச் சோறு வரும் நேரம் தெரியும், ஆடி அமாவாசைக்கு எல்லா மாடியிலும் இலை இருக்கும், எண்ணெயில் பொரித்ததை அவை முதலில் எடுக்கும் என்று சொன்னேன். "தெரியும்டா, தினமும் நான்தானே வைக்கிறேன்" என்றாள்.

இந்த ஆடி அமாவாசைக்குக் காக்கை வரவில்லை. பக்கத்து மாடியில் இரண்டு இலை, எதிர் மாடியில் ஒன்று, எல்லாக் காக்கையும் அங்கே. அம்மா வெயிலில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வடை காய்ந்துகொண்டிருந்தது, நான் உள்ளே போகலாம் என்றேன். இருபது நிமிஷம் கழித்து ஒன்று வந்தது, சோற்றைக் கொத்தியது, வடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா என்ன சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "வர்ற வழியில யாரையாவது பார்த்துப் பேசிட்டு நின்னிருப்பார். பந்தியிலயே வயிறு நிறைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு பிடி சோறு வைக்கக் கீழே இறங்கிப் போனாள்.